கத்திரி வெயிலில் மின்சாரம் ஏன் குறைகிறது?

5 மே 2024, பிற்பகல் (வாசகர் ஒருவரின் கேள்வி)

"ஐயா, எங்கள் வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்டு ஓராண்டு ஆகிறது. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் உச்சி வேளையில் இன்வெர்ட்டர் 2.6 கிலோவாட் காட்டியது. நேற்று கத்திரி தொடங்கியது. மாடியில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. ஆனால் இன்வெர்ட்டர் 2.2-ஐத் தாண்டவே இல்லை. சூரியனிடமிருந்து வருவது வெப்பம்தானே? வெப்பம் கூடினால் மின்சாரமும் கூட வேண்டும். போலிப் பேனலை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்."

5 மே 2024, இரவு

பேனல் போலி அல்ல, தம்பி. கரூரில் என் மாடியிலும் மூன்று கிலோவாட்தான், ஒன்பது பேனல்கள். பிப்ரவரி 20 அன்று 2.6 கிலோவாட், இன்று 2.2. பேனலுக்கு உணவு ஒளி. வெப்பம் அதற்குப் பகை. பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துப் பாருங்கள். அதில் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாக இருந்து, ஒரு சதுர மீட்டரில் 1000 வாட் ஒளி விழும்போது கிடைப்பது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் திறன் இத்தனை விழுக்காடு குறையும் என்று இருக்கும். என் பேனலில் அது 0.36. இன்று நண்பகலில் பேனலின் முதுகில் 63 டிகிரி இருந்தது. 25-க்கு மேல் 38 டிகிரி, அதை 0.36-ஆல் பெருக்கினால் 13.7 விழுக்காடு. உங்கள் இழப்பு 15 விழுக்காடு. கணக்கு முடிந்தது, கூட்டம் கலையலாம்.

6 மே, காலை

கணக்கு முடியவில்லை, கூட்டம் திரும்பி வரவேண்டும்.

நேற்று நான் 63 டிகிரியை 25 டிகிரியோடு ஒப்பிட்டேன். கேள்வியோ பிப்ரவரியோடு ஒப்பிடச் சொன்னது. பிப்ரவரியிலும் பேனல் 25 டிகிரியில் இருந்ததில்லை. அப்போது நிழலில் 30 டிகிரி என்றால் பேனலின் முதுகில் 50. என் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆகவே இரண்டு மாதங்களுக்கும் இடையில் வெப்பத்தால் வந்த வேறுபாடு 13 டிகிரிதான், அதாவது 4.7 விழுக்காடு. மீதிப் பத்து விழுக்காட்டுக்கு மேல் எங்கே போயிற்று?

முதலில் கோணம். நம் ஊர் வட அட்சம் 11 டிகிரியில் இருக்கிறது. பேனலைத் தெற்கு நோக்கி 11 டிகிரி சாய்த்திருக்கிறேன். ஆண்டு முழுவதற்கும் அதுவே நல்ல சாய்வு. ஆனால் மே மாத நண்பகலில் சூரியன் நம் தலைக்கும் வடக்கே போய்விடுகிறது. பேனல் தெற்கே பார்த்துக்கொண்டு நிற்கிறது. இன்று அந்தக் கோணம் 16.5 டிகிரி, பிப்ரவரி 20 அன்று 11 டிகிரி. கொசைன் போட்டுப் பார்த்தால் 2.3 விழுக்காடு இழப்பு.

அடுத்தது தொலைவு. இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை: வெயில் காய்ச்சி எடுக்கும் இந்த நாட்களில் பூமி சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. நாம் சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். பிப்ரவரி 20-க்கும் இன்றைக்கும் இடையில் தொலைவு இரண்டு விழுக்காடு கூடியிருக்கிறது. ஒளியின் அடர்த்தி தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதம் ஆதலால் நான்கு விழுக்காடு குறைந்திருக்கிறது.

மூன்றையும் பெருக்கினால் பத்தரை விழுக்காடு. எஞ்சிய ஐந்தைத் தூசியின் மேலும் வானத்து மங்கலின் மேலும் எழுதிவைக்கிறேன். அளக்கும் வரை இது சந்தேகக் கணக்குதான்.

7 மே

இயற்பியல் ஆசிரியை ஒருவர் என் முதல் பதிலைப் பிடித்துக்கொண்டார். "ஒளி வேறு, வெப்பம் வேறு என்று எழுதியிருக்கிறீர்கள். சூரியனிடமிருந்து வெற்றிடம் வழியே வருவது எல்லாமே மின்காந்தக் கதிர்தான். அதில் எதை வெப்பம் என்கிறீர்கள்?" என்று கேட்கிறார். அகச்சிவப்பைத்தான் என்று சொல்ல வாய் வந்தது. நல்ல வேளையாகச் சொல்லவில்லை.

பேனலின் செல்கள் சிலிக்கானால் ஆனவை. சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து விடுவிக்க 1.12 எலக்ட்ரான் வோல்ட் (மிக நுண்ணிய ஆற்றல் அலகு) தேவை. அந்த ஆற்றல் உள்ள ஒளித்துகளின் அலைநீளம் ஏறத்தாழ 1.1 மைக்ரோமீட்டர், நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு 0.7 மைக்ரோமீட்டருக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே 0.7-க்கும் 1.1-க்கும் இடைப்பட்ட அகச்சிவப்பைப் பேனல் மின்சாரமாக்குகிறது, அதுவும் மிகச் சிக்கனமாக. மாறாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் நீல ஒளியின் துகள் ஒவ்வொன்றும் 2.7 எலக்ட்ரான் வோல்ட்டோடு வருகிறது, 1.12 போக மிச்சம் முழுவதையும் எலக்ட்ரான் நொடியின் மிகச்சிறு பின்னத்துக்குள் படிகத்தின் அதிர்வாகக் கொட்டிவிடுகிறது. துகளுக்குத் துகள் ஒப்பிட்டால், இந்த அகச்சிவப்பைவிடப் பேனலை அதிகம் சுட வைப்பது நீலமே என்று சொன்னால் மிகையாகாது.

பேருந்தில் ஐந்து ரூபாய்ச் சீட்டுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினாலும் பத்து ரூபாயை நீட்டினாலும் ஒரு சீட்டுதான். இந்த நடத்துநரிடம் மீதிச் சில்லறை கிடைக்காது. நான்கு ரூபாயோடு ஏறினால் இறக்கிவிடுவார். இவ்வகையில் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிலிக்கானுக்குப் போதாமல் வீணாகிறது; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிகையாக இருந்து வெப்பமாகிறது. 1961-இல் ஷாக்லியும் குவைசரும் இந்தச் சில்லறைக் கணக்கையும், பேனல் தானே திருப்பி ஒளியாக உமிழ்ந்தாக வேண்டிய பங்கையும் சேர்த்துப் போட்டு, ஒரே ஒரு பொருளால் ஆன செல் வெறும் வெயிலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்ற முடியாது என்று காட்டினார்கள். 1954-இல் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் காட்டிய முதல் நல்ல சிலிக்கான் செல் ஆறு விழுக்காடு. இன்று கடையில் வாங்கும் பேனலில் இருபதுக்கு மேல்.

"பேனல் உண்பது ஒளி, வெப்பம் பகை" என்ற என் வாசகத்தைத் திரும்பப் பெறுகிறேன். அதற்குப் பதிலாக எதைச் சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

9 மே

தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தால் என்ன என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். ஊற்றிவிட்டேன்.

நேற்று நண்பகல் 12.20-க்கு மோட்டாரைப் போட்டு, ரப்பர்க் குழாயின் வாயை விரலால் நெரித்துத் தூவலாக அடித்தேன். மூன்று நிமிடத்தில் முதுகு 63-இல் இருந்து 41-க்கு வந்தது, இன்வெர்ட்டர் 2.2-இல் இருந்து 2.37-க்கு ஏறியது. 22 டிகிரிக்கு 0.36 வீதம் எட்டு விழுக்காடு. தாளில் அச்சிட்ட எண் பொய் சொல்லவில்லை. அந்த 170 வாட்டைப் பெற ஓடிய மோட்டார் ஒரு குதிரைத்திறன், அதாவது 750 வாட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கூலி அதோடு நிற்கவில்லை. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். சூடான கண்ணாடியில் அது அப்படியே வற்றி, வெள்ளை வெள்ளையாகத் திட்டுகளை விட்டுவிட்டது. இன்று விடியற்காலையில் வினிகர் தோய்த்த துணியோடு ஏணியில் நின்றேன். சுடும் கண்ணாடியில் குளிர்நீரை அடித்தால் கண்ணாடி விரிசல் விடவும் கூடும். யாரும் செய்ய வேண்டாம்.

10 மே

ஏணியில் நின்று துடைத்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் ஓர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி டர்பைன் தளத்துக்குக் கீழே, கண்டென்சர் பக்கத்தில். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மின்நிலையம் என்றால் கொதிகலனும் புகைபோக்கியும். உள்ளே இருப்பவருக்கு நிலையத்தின் உயிர் கண்டென்சரில் இருக்கிறது. 210 மெகாவாட் அலகு ஒன்றில் 535 டிகிரி நீராவி டர்பைனுக்குள் நுழைகிறது. வேலையை முடித்துக்கொண்டு கண்டென்சரில் குளிர்ந்து நீராகிறது. அங்கே 46 டிகிரி இருந்தால் உள்ளழுத்தம் 0.1 பார், அதாவது காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. கோடையில் கூலிங் டவரிலிருந்து வரும் நீரே சூடாக வரும், கண்டென்சர் 50 டிகிரிக்குப் போகும், அழுத்தம் 0.12 பாராக ஏறும். "வாக்குவம் விழுகிறது" என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைபேசி அலறும். அதே நிலக்கரி, அதே கொதிகலன், அதே 535 டிகிரி. ஆனால் மெகாவாட் குறையும். குழாய்களுக்குள் படியும் செதிலைத் தேய்த்தெடுக்க ஓட்டத்திலேயே ரப்பர்ப் பந்துகளை விடுவோம். அந்தப் பந்துகளை எண்ணித் திரும்பப் பிடிப்பதே ஒரு ஷிப்டின் வேலையாக இருந்த நாட்கள் உண்டு.

காரணம் 1824-இல் கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர் எழுதியதுதான். வெப்பம் வேலையாக மாற வேண்டுமானால் சூடான இடம் ஒன்று இருந்தால் போதாது. குளிர்ந்த இடமும் வேண்டும். உச்ச வரம்பு என்பது ஒன்றிலிருந்து, குளிர்பக்கத்தின் கெல்வின் வெப்பநிலையைச் சூடான பக்கத்தின் கெல்வின் வெப்பநிலையால் வகுத்ததைக் கழித்தால் வருவது. கெல்வின் என்பது செல்சியஸ் அளவோடு 273-ஐக் கூட்டியது. 808 கெல்வின் நீராவி, 319 கெல்வின் கண்டென்சர் என்றால் அறுபது விழுக்காடு. நடைமுறையில் அதில் பாதியைச் சற்றே தாண்டுவோம்.

இப்போது மாடிக்கு வாருங்கள். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5800 கெல்வின். அங்கிருந்து கிளம்பும் வெப்பமே ஒளியாக வருகிறது. அப்படியானால் பேனல் என்பது என்ன? பதினைந்து கோடி கிலோமீட்டர் தொலைவில் கொதிகலனை வைத்துக்கொண்டு இயங்கும் வெப்ப இயந்திரத்தின் கண்டென்சர் பக்கம். கொதிகலன் நம் கையில் இல்லை. குளிர்பக்கம்தான் நம் கையில் இருக்கிறது, அது கத்திரியில் சுடுகிறது. மே மாதத்தில் வாக்குவம் விழுகிறது, அவ்வளவுதான்.

கொதிகலன் சூரியனாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2022-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தோடு சேர்ந்து, 2400 டிகிரி வரை சூடாக்கிய பொருள் ஒன்றின் ஒளிர்வைச் செல்லின் மேல் விழச்செய்து நாற்பது விழுக்காட்டுக்கு மேல் மின்சாரமாக மாற்றிக் காட்டினார்கள். அந்தச் செல்லைப் பொறுத்தவரை அதுவே ஒரு குட்டிச் சூரியன்.

11 மே

வீட்டில் இதை விளக்கினேன். "ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் கண்டென்சரை மாடிக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள்" என்றார் மனைவி. பேனலுக்கு அருகில் காயவைத்த வடகம் அரை நாளில் காய்ந்துவிட்டது என்பதையும் இந்தக் குறிப்புகளில் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

12 மே

ஆசிரியை என் கண்டென்சரை உடைத்துவிட்டார்.

அவர் எழுதியது இவ்வளவுதான்: "5800 கெல்வின் கொதிகலன், 298 கெல்வின் கண்டென்சர்: வரம்பு 94.9 விழுக்காடு. கண்டென்சர் 336 கெல்வின் ஆனால் 94.2. நீங்கள் கணக்கிட்ட 13.7 விழுக்காட்டுக் குறைவு இதில் எங்கே இருக்கிறது?"

இல்லை. கொதிகலன் அத்தனை சூடாக இருக்கும்போது குளிர்பக்கம் 38 டிகிரி ஏறினாலும் கார்னோ அதைப் பொருட்படுத்துவதில்லை. நான் உவமையின் அழகில் மயங்கி, எண்களைப் போட்டுப் பார்க்காமல் எழுதிவிட்டேன். லாக் ஷீட்டில் இப்படி எழுதியிருந்தால் என் பழைய மேற்பார்வையாளர் கிழித்துப் போட்டிருப்பார்.

ஆனாலும் உவமை முழுக்கத் தவறு என்றும் மனம் ஒப்பவில்லை. சூரியனுக்கும் என் மாடிக்கும் இடையில் ஏதோ ஒன்று நடக்கிறது. கொதிகலனிலிருந்து கிளம்பிய நீராவி டர்பைனுக்கு அதே நீராவியாக வந்துசேரவில்லை.

14 மே

முந்தாநாள் இரவு நல்ல மழை. நேற்றும் இன்றும் மறுபடி வெயில்; பேனலின் முதுகில் அதே 63. இன்வெர்ட்டர் 2.3. மழை கழுவியதற்குக் கிடைத்த கூலி நான்கரை விழுக்காடு. இன்றைய கோணத்தையும் தொலைவையும் வைத்துக் கணக்கிட்டால் தூசி இல்லாத பேனல் 2.29 தர வேண்டும். கேள்வி கேட்ட தம்பிக்கு: சந்தேகக் கணக்கில் வைத்த ஐந்து விழுக்காடு பெரும்பாலும் தூசிதான். மாடிக்கு ஏறி, விடியற்காலையில், உப்பில்லாத தண்ணீரில் கழுவுங்கள். உங்கள் கேள்விக்கு விடை இத்துடன் முடிந்தது. என் கேள்விக்குத்தான் முடியவில்லை.

16 மே

இரண்டு இரவு யோசித்ததில் பிடிபட்டது. விடை நான் முப்பது ஆண்டு கையால் திருகிய ஒன்றில் இருந்தது: வால்வு.

உயரழுத்த நீராவியைப் பாதி திறந்த வால்வு வழியே விட்டால், அந்தப் பக்கம் தாழ்ந்த அழுத்தத்தில் வெளிவரும். வெப்பக் காப்பு நன்றாக இருந்தால் ஆற்றல் எதுவும் குறையவில்லை; கிலோவுக்கு இத்தனை கலோரி என்ற கணக்கு இரு பக்கமும் ஒன்றே. ஆனால் அதே நீராவியால் டர்பைனை முன்போலச் சுழற்ற முடியாது. நீராவி பரந்துவிட்டது, எண்ட்ரோபி, அதாவது ஆற்றல் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதன் அளவு, ஏறிவிட்டது. ஏறிய எண்ட்ரோபியைக் கடைசியில் குளிர்பக்கத்தில் கொட்டியாக வேண்டும். அப்படிக் கொட்டும் ஒவ்வோர் அலகுக்கும் கட்ட வேண்டிய வரி, குளிர்பக்கத்தின் கெல்வின் வெப்பநிலை. இழந்த வேலை என்பது எண்ட்ரோபியைக் குளிர்பக்க வெப்பநிலையால் பெருக்கியது. எங்கள் பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லித்தந்தபோது நான் அரைத்தூக்கத்தில் இருந்தேன்.

சூரிய ஒளிக்கும் ஒரு வால்வு உண்டு. வானத்தில் சூரியன் அரை டிகிரி அகலமுள்ள சிறு தட்டு. ஒளி அந்தச் சிறு தட்டிலிருந்து மட்டும் வருகிறது. பேனலோ தான் உமிழும் ஒளியை வானம் முழுவதற்கும் வாரி இறைக்கிறது. கோணச் சாய்வையும் கணக்கில் கொண்டால் இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 46,000. ஒரு சந்திலிருந்து மைதானத்துக்கு வந்த கூட்டம் போல ஒளி பரந்துவிடுகிறது. ஆற்றல் குறையவில்லை, ஒழுங்கு குறைந்துவிட்டது. அறை வெப்பநிலையில் இதற்கான வரி ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் 0.28 வோல்ட். 1.12-இலிருந்து கார்னோ பிடித்துக்கொள்வது 0.06 வோல்ட்தான், பரந்ததற்கான வரி அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். இதற்கு அப்பால், படிகத்தின் குறைகளிலும் பரப்புகளிலும் எலக்ட்ரான்கள் ஒளியை உமிழாமலே வீழ்ந்து மடிவதற்கும் வரி உண்டு. எல்லாம் போக, நல்ல செல்லில் மின்சுற்றைத் திறந்துவைத்து அளந்தால் 0.7 வோல்ட் மிஞ்சுகிறது.

இந்த வரிகள் எல்லாவற்றிலும் வெப்பநிலை பெருக்கலாக நிற்கிறது. ஆகவே செல் சூடானால் வரிவிகிதம் ஏறுகிறது. வோல்ட் இறங்குகிறது, செல் ஒன்றுக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மில்லிவோல்ட் வீதம். ஆசிரியையின் கார்னோ அதில் 0.2 மில்லிவோல்ட்டைத்தான் விளக்கும். மிச்சம் வால்வும் மற்ற வரிகளும் செய்யும் வேலை.

இதற்கு ஒரு சோதனையும் இருக்கிறது. வால்வு உண்மையானால், வில்லையால் ஒளியைக் குவித்துச் செல்லின் மேல் விழச்செய்யும்போது இழந்த ஒழுங்கில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்க வேண்டும். வோல்ட் ஏற வேண்டும். ஏறுகிறது. முந்நூறு மடங்கு குவித்தால் செல்லின் ஒவ்வோர் அடுக்குக்கும் ஏறத்தாழ 0.15 வோல்ட் கூடும், செல்லைச் சூடாக விடாமல் காத்தால். 2022-இல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் நான்கு அடுக்குச் செல்லில் 665 மடங்கு குவித்த ஒளியில் 47.6 விழுக்காட்டை எட்டியது. அடுக்குகள் சில்லறைப் பிரச்சினையைத் தீர்த்தன. குவித்தல் வால்வைத் திறந்துவிட்டது.

குவித்தல் என்றதும் ஆரோவில்லின் பொதுச் சமையற்கூடத்து மாடியில் இருக்கும் பதினைந்து மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம் நினைவுக்கு வருகிறது. அதில் வரும் நீராவி சோறு வடிக்கத்தான், மின்சாரத்துக்கு அல்ல. சோற்றுக்கு நூறு டிகிரி போதும். அதற்கு எண்ட்ரோபி பற்றிக் கவலை கிடையாது.

19 மே

"பேனலின் முதுகில் அத்தனை வெப்பம் வீணாகிறதே, பெல்டியர் தகட்டை ஒட்டினால் அதையும் மின்சாரமாக்கலாமே" என்று திருச்சிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல யோசனையாகத் தோன்றியதால் ஒரு தகடு வாங்கினேன். நான்கு சென்டிமீட்டர் சதுரம், 12706 என்று எண் போட்டது. உள்ளே பிஸ்மத் டெல்லுரைடால் ஆன 127 இணைகள் தொடராக இருக்கின்றன. தகட்டின் இரு முகங்களுக்கும் இடையில் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் 0.05 வோல்ட் தரும். பேனல் 63, காற்று 40, 23 டிகிரி வேறுபாடு, 1.15 வோல்ட் வரும் என்று எதிர்பார்த்தேன். பழைய கணினியிலிருந்து கழற்றிய அலுமினிய விசிறிப்பட்டையை மறுபுறம் ஒட்டி, வெப்பப் பசை தடவி, மீட்டரை வைத்தேன். 0.08 வோல்ட்.

மூன்று முறை பசையைச் சுரண்டி ஒட்டிய பிறகுதான் உறைத்தது. தகட்டின் இரு முகங்களையும் 23 டிகிரி பிரித்து வைக்க வேண்டுமானால் அதன் வழியே ஏறத்தாழ 14 வாட் வெப்பம் பாய வேண்டும். அந்த நான்கு சென்டிமீட்டர் சதுரத்தில் பேனல் பெறும் வெப்பமே 1.2 வாட். எனவே வேறுபாடு இரண்டு டிகிரியைத் தாண்ட வழியில்லை. 0.08 வோல்ட், உள்மின்தடை 2 ஓம். எடுக்கக்கூடிய உச்சத் திறன் 0.8 மில்லிவாட். அந்தப் பட்டை அத்தனை நன்றாகக் குளிர்விக்குமானால் இடையில் தகடு எதற்கு? பட்டையை நேராகப் பேனலில் ஒட்டிவிடலாம்.

தகட்டின் மேல் பழி போடவும் முடியாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்கும் குழாய்த் தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் கிண்ணத்துக்கும் நடுவில் வைத்தபோது, முகங்களுக்கு இடையில் 40 டிகிரி நின்று, 2 வோல்ட் காட்டியது, அரை வாட். பாய்ந்த வெப்பம் 24 வாட் அளவில் இருக்கும்; ஆக இரண்டு விழுக்காடு. அந்த வெப்பநிலைகளுக்குக் கார்னோ வரம்பே பதினொன்றுதான். இந்தத் தகட்டுக்கு வேண்டிய பொருள், மின்சாரத்தைத் தாராளமாகவும் வெப்பத்தைக் கஞ்சத்தனமாகவும் கடத்த வேண்டும். உலோகங்களில் இரண்டையும் சுமப்பது அதே எலக்ட்ரான்கள் என்பதால் ஒன்று கூடினால் மற்றதும் கூடும். குறைக்கடத்திகளில் வெப்பத்தைப் பெரும்பாலும் படிக அதிர்வு சுமக்கிறது. எடைமிக்க அணுக்களைப் போட்டு அந்த அதிர்வைத் தடுக்கிறார்கள். இருநூறு ஆண்டுகளாக நடக்கும் இழுபறி இது. 1821-இல் பெர்லினில் சீபெக் என்ற இயற்பியலாளர் இந்த விளைவைக் கண்டபோது, இரு உலோகச் சந்திகளில் ஒன்றைச் சூடாக்கியதும் அருகிலிருந்த காந்த ஊசி திரும்பியதைப் பார்த்து, வெப்பம் காந்தத்தை உண்டாக்குகிறது என்றே எண்ணினார்.

ஆனால் கண்டென்சரை நன்றாக வைத்தால் இதுவும் மதிப்பானதுதான். 1977-இல் கிளம்பிய வாயேஜர் கலங்கள் ஒவ்வொன்றிலும் புளுட்டோனியம் சிதைந்து தரும் ஏழாயிரம் வாட் அளவு வெப்பத்திலிருந்து, சிலிக்கான்–ஜெர்மேனியம் இணைகள் தொடக்கத்தில் 470 வாட் எடுத்தன. ஏழு விழுக்காடுகூட இல்லை. சுழலும் பாகம் ஒன்றும் இல்லை. செதில் தட்ட ஆள் வேண்டியதில்லை. ரப்பர்ப் பந்தும் இல்லை. குளிர்பக்கத்தில் துடுப்புகள் வெறும் விண்வெளியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒரு கண்டென்சர் எனக்குக் கிடைத்திருந்தால்!

20 மே

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். கொதிநீர்ச் சோதனையில் பாய்ந்த வெப்பத்தை நான் அளக்கவில்லை. தகட்டின் வெப்பக் கடத்தல் டிகிரிக்கு 0.6 வாட் என்று வைத்துக் கணக்கிட்டேன். இரண்டு விழுக்காடு என்பதை அந்த அளவுக்கே நம்புங்கள்.

26 மே

ஆசிரியை மறுபடி எழுதியிருந்தார்: "வால்வு, வரி எல்லாம் சரி. அளந்து காட்டுங்கள்."

பரணிலிருந்து பழைய சிறு பேனலை இறக்கினேன். 36 செல்கள் தொடராக இருப்பது. அதை இரவு முழுவதும் வீட்டுக்குள் சுவரோரம் வைத்தேன். நண்பகலில், மேகம் துளியும் இல்லாத நேரம் பார்த்து, போர்வையால் மூடியபடியே மாடிக்குக் கொண்டுபோய் வெயிலுக்கு நேராக நிறுத்திப் போர்வையை உருவினேன். ஒளி ஒரே ஒளி. மாறப்போவது பேனலின் வெப்பநிலை மட்டும். பின்புறம் ஒட்டியிருந்த வெப்பநிலைக் கம்பி கே வகையைச் சேர்ந்தது. அதுவும் சீபெக் கண்டதுதான், ஒரு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட் தரும் ஒற்றை இணை. பெல்டியர் தகட்டால் பிழைக்க முடியாத இடத்தில் அதன் தம்பி வேலைக்கு உதவினான்.

போர்வையை உருவியதும்: 33 டிகிரி, 21.1 வோல்ட். அதன்பின் எண் கண்ணெதிரே கரைந்தது, 20.7, 20.2, 19.8. இருபது நிமிடத்தில் 61 டிகிரியில் 19.1 வோல்ட்டில் நின்றது. செல் ஒன்றுக்கு 0.586-இலிருந்து 0.531. டிகிரிக்கு 1.98 மில்லிவோல்ட்.

இடைப்பட்ட புள்ளிகளையும் சேர்த்து வரைபடத் தாளில் குறித்தேன், ஏறக்குறைய நேர்கோடு. பிறகு அளவுகோலை வைத்து அந்தக் கோட்டை இடப்பக்கமாக, தாள் போதாமல் இன்னொரு தாளை ஒட்டி, சுழியக் கெல்வின் வரை நீட்டினேன். 306 டிகிரி நீட்சி. அங்கே கோடு 1.19 வோல்ட்டில் போய் முட்டியது.

வரிவிகிதம் சுழியமானால் எலக்ட்ரான் தான் பெற்றதை முழுதாகக் கொண்டுவர வேண்டும். சுழியக் கெல்வினில் சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து விடுவிக்கத் தேவையான ஆற்றல், 1.17 எலக்ட்ரான் வோல்ட். இடைவெளியே வெப்பநிலையோடு சற்று மாறுவதால் இப்படி நீட்டிய கோடு 1.2-ஐ ஒட்டியே போய் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். சந்தைப் பேனலும் இருநூறு ரூபாய் மீட்டரும் தந்த எண் இது என்பதை நினைத்துக்கொண்டு அந்தத் தாளை மடிக்காமல் வைத்திருக்கிறேன்.

2 ஜூன்

இரண்டு செய்திகள்.

பேனலை நிறுவியவர்கள் தளத்திலிருந்து அரை அடிகூட விடாமல் சட்டத்தைப் பதித்திருந்தார்கள். "காற்றில் பறக்காது சார்" என்பது அவர்கள் சொன்ன காரணம். பேனலுக்கு அடியில் காற்றே ஓடவில்லை. வெல்டரை அழைத்து ஒரு வரிசையை மட்டும் ஒன்றரை அடி உயர்த்தினேன். நேற்று நண்பகலில் உயர்த்திய வரிசை 57 டிகிரி, உயர்த்தாதது 63. ஆறு டிகிரி, 2.2 விழுக்காடு. மோட்டாரும் இல்லை, உப்பும் இல்லை. மற்ற இரண்டு வரிசைகளையும் உயர்த்தச் சொல்லியிருக்கிறேன். காற்று வீசும் பருவத்துக்கு முன் கூடுதல் போல்ட் போட வேண்டும் என்கிறார் வெல்டர்.

பள்ளி திறந்ததும் அதே சோதனையை மாணவிகளைக் கொண்டு செய்யப்போவதாக ஆசிரியை எழுதியிருக்கிறார். வெயிலில் சூடாக்குவதோடு, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்த பேனலையும் அளந்து கோட்டின் இடது முனையை இன்னும் கொஞ்சம் அருகில் கொண்டுவருவார்களாம். கண்ணாடியில் பனி படிந்து ஒளியை மறைக்கும், துடைத்துக்கொண்டே அளக்கச் சொல்லுங்கள் என்று பதில் எழுதினேன்.